அட்டை

செந்தூல் பாசார், துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடி.
என் கணினியில் ஆறு ஹார்டிஸ்க்.
ஆறும் கழுத்துவரை கல்யாணம்.
நடுவில் இரண்டு காதுகுத்து,
இன்னும் காசு வராத ஒரு கட்சி விருந்து.

லோயாட் மூன்றாம் மாடியில் கியோங் சொன்னான்,
"இந்த அட்டையைச் சொருகு, நாலு வாசல் கூடும், சாங் லா."
எண்பத்தொன்பது ரிங்கிட். உள்ளங்கை அகலம்.
மூன்றாவது துளையில் வைத்து அழுத்தினேன்.
க்ளிக் என்றது.
அந்தச் சத்தத்தை நம்பியது என் தப்பு.

முதலில் கறுப்புத் திரை.
புதிதாக வந்தவன் வரிசையில் முன்னால் போய் நின்றுகொண்டான்;
விண்டோஸ் இருக்கும் தட்டை விட்டுவிட்டு
வெறும் தட்டில் விண்டோஸைத் தேடுகிறது இயந்திரம்.
வரிசையை மாற்றினேன். எழுந்தது.
எழுந்ததும் ஊமை. ஒலி அட்டையைக் காணோம்.
டிரைவர் போட்டேன். நீலத் திரை.
வேறு டிரைவர். வேறு நீலத் திரை.
தவசீலனுக்கு அடித்தால், "மாமாக்ல இருக்கேன்,
எல்லாத்தையும் தூக்கிட்டுத் திரும்பப் போடு" என்றான்,
பந்துக்கு யாரோ கத்திய சத்தத்துக்கு நடுவே.

அப்புறம்தான் எண்ணினேன்.
பழைய தட்டு ஆறில் நான்கு.
போன வாரமே இருமிக்கொண்டிருந்த ஐந்தாவது
இல்லவே இல்லை.
அதில் யோகவாணியின் கல்யாணம்.
தீபாவளிக்குத் தருகிறேன் என்றது,
தீபாவளி முடிந்து ஒன்பது நாள்.

ஒரு வரி அனுப்பினேன்: தட்டு செத்துவிட்டது, மன்னித்துவிடு.
உடனே அழைத்தாள்.
"அக்கா, முழுசாவா போயிருச்சு?"
"முழுசா."
பின்னால் பாத்திரம் கழுவிய தண்ணீர் நின்றது.
"சரி. நல்லதாப் போச்சு.
யாராச்சும் கேட்டா இதையே சொல்லுங்க."
பத்து நிமிடத்தில் கைப்பேசி அதிர்ந்தது.
பாக்கி ஆயிரத்து இருநூறும் கணக்கில் விழுந்திருந்தது.

கடைசி கொமுட்டர் போனபோது ஜன்னல் நடுங்கியது.
தமிழில் இதற்கும் அதற்கும் ஒரே பெயர் என்பது
அப்போதுதான் உறைத்தது.
ஒட்டியது எங்கே உறிஞ்சுகிறது என்று
பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பிடுங்கினேன்: ஆறு.
சொருகினேன்: நான்கு.
மறுபடி பிடுங்கினேன். ஆறு.
மறுபடி சொருகினேன், கை நடுங்க. நான்கு.

தாய்ப்பலகையின் கையேடு, முப்பத்தேழாம் பக்கம்,
எறும்பு ஊர்ந்தது போல் ஓர் அடிக்குறிப்பு:
மூன்றாம் துளை நிறைந்தால்
ஐந்தாம் ஆறாம் வாசல்கள் இயங்கா.

சாகவில்லை.
கதவை நான்தான் அடைத்திருக்கிறேன்.

கேபிளை எடுத்துப் புது அட்டையில் மாட்டினேன்.
வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஜிபி, ஒரு கீறலில்லை.
சோதிக்க ஒன்றே ஒன்றைத் திறந்தேன்.
ஒலி அட்டை இன்னும் வரவில்லை;
நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது, சத்தமில்லை.
அட்சதை விழுகிறது, சத்தமில்லை.
யோகவாணி மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து
ஏதோ சொல்கிறாள்.
அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.
அவள் திரும்பவும் சொல்கிறாள்.

மூடினேன்.

கைப்பேசியில் "கிடைத்துவிட்டது" வரை எழுதிவிட்டு
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
காசைத் திருப்பி அனுப்பினால் காரணம் கேட்பாள்.
அனுப்பாவிட்டால் நான் யார்?
அந்தக் கணக்கு மட்டும் இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

மூன்று மணிக்கு எழுந்து
அவள் கேபிளைப் புது அட்டையிலிருந்து உருவி
பழைய ஐந்தாம் வாசலிலேயே மாட்டினேன்.
மின்சாரம் போகிறது. தட்டு சுழல்கிறது.
விரல் வைத்தால் சூடு தெரிகிறது.

திரையில் நான்கு.