கட்டாயம் நிரப்ப வேண்டியவை

நூற்று எண்பத்து மூன்று படங்கள்.
ஷாஜினின் அண்ணன் குவைத்திலிருந்து கொடுத்துவிட்ட போன்,
ஓரத்தில் கீறல் விழுந்தது.
கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.
தரையோடு குனிந்து ஒரு சுற்று,
இடுப்பு உயரத்தில் ஒன்று,
மதில்மேல் ஏறி நின்று இன்னொன்று.
கருங்கலில் இருந்து திங்கள்சந்தை போகிற பஸ்ஸெல்லாம்
எங்களைப் பார்த்து ஆரன் அடித்துவிட்டுப் போயின.

நிற்கிற கல் இரண்டு, படுத்த கல் ஒன்று.
லீமா மிஸ் தந்த பட்டியலில் ஒன்பதாவது வரி:
சுமைதாங்கி.
முதல் குழுவுக்குக் கோயில் மண்டபம் கிடைத்திருந்தது,
இரண்டாம் குழுவுக்குக் கோட்டை.
எங்களுக்குக் கோழிக்கடை போஸ்டர் ஒட்டிய மூன்று கல்.
அபிஷ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

எழுபதாவது படத்தில் வியாகுலம் அக்கா வந்தாள்.
குறும்பனையில் விடியுமுன் எடுத்த மீன்.
கேட்கவில்லை, சொல்லவில்லை.
அலுமினியச் சட்டியை அப்படியே கல்லுக்கு மாற்றினாள்.
"அக்கா, படம் எடுக்கோம், கொஞ்சம் மாத்துவியளா?"
"அஞ்சு நிமிசம் மக்கா. களுத்து ஒடியுது."
அஞ்சு நிமிடத்தில் வெயில் மாறிவிடும்.
நாங்கள் எடுத்துக்கொண்டே இருந்தோம்.

இரவு முழுக்க லேபில் கம்ப்யூட்டர் உறுமியது.
காலையில் திரையில் கல் சுழன்றது,
மேலே பாதிச் சட்டி, ஈயம் உருகினாற்போல,
அதைப் பிடித்த கை ஒன்று,
ஆள் இல்லாமல்.
'இரைச்சலை நீக்கவா?' என்றது மென்பொருள்.
பிரதீஷா 'ஆம்' வரைக்கும் அம்பைக் கொண்டுபோய்
அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
பிறகு, 'இல்லை'.

மென்பொருளுக்குள் ஒரு வெளிச்சம் உண்டு,
இழுத்த இடத்துக்கு வரும் சூரியன்.
அதைப் பக்கவாட்டில் தாழ்த்தித் தாழ்த்தி
கல்லின் கன்னத்தோடு ஒட்டியபோது
பாசிக்கடியில் எழுத்து எழும்பியது.
படித்து முடிக்க இரண்டு பீரியட்.

*கொல்லம் ௲௪௰௬ தை மாதம்
ஈசாக்கு தன் பெண்சாதிக்கும்
பிறவாத பிள்ளைக்கும் வைத்த கல்*

தங்கஜோதி எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினாள்:
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று.
அபிஷ் போஸ்டர் பற்றி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பதிவேற்றப் படிவம்.
பொருள்: கல். வைத்தவர்: ஈசாக்கு.
யார் நினைவாக, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
'பெண்சாதி' என்று அடித்தோம்.
'பெயரை உள்ளிடவும்.'
ஒரு கோடு போட்டோம்.
'பெயரை உள்ளிடவும்.'
இடைவெளி மட்டும் தட்டிப் பார்த்தோம்,
அதற்கும் அதே பதில்.
நூற்றைம்பது வருடமாகக் கல் கேட்காத கேள்வி,
இது மட்டும் விடாமல் கேட்டது.

இன்னொரு கட்டத்தில் உயரம்.
அளவுநாடா கொண்டுபோக மறந்திருந்தோம்.
திரைக்கல் நகத்தளவும் ஆகும், மலையளவும் ஆகும்,
எதுவென்று அதற்குத் தெரியாது.

வியாழக்கிழமை டேப்போடு போனோம்.
சட்டி ஏற்கெனவே கல்மேல் இருந்தது,
ஓரத்தில் சாளைத் தண்ணீர் சொட்டிக்கொண்டு.
"இது யாருக்கு வச்ச கல்லுன்னு தெரியுமாக்கா?"
"எனக்காக்கும்," என்றாள், சில்லறை எண்ணியபடி.
"பின்ன யாருக்கு?"

கிளம்பும்போது ஆளுக்கொரு பக்கம்
சட்டியைத் தூக்கிவிடக் கை நீட்டினோம்.
"விடுங்க பிள்ளைகளே. அதுக்குத்தானே கல்லு."
சும்மாட்டைச் சுருட்டி வைத்து,
முழங்காலை ஒரு சாண் மடக்கி,
தலையைச் சட்டிக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தாள்.
ஒரு கை வேண்டியிருக்கவில்லை அவளுக்கு.

டேப்பை விரிக்காமலே திரும்பினோம்.
உயரம் என்ற கட்டத்தில்,
*தலைச்சுமையோடு வருகிற பெண்ணொருத்தி
தனியாக இறக்கி, தனியாக ஏற்றும் அளவு.*
எண்கள் மட்டுமே, என்றது படிவம்.

இன்னும் வரைவில்தான் இருக்கிறது.
நான்காம் குழு, பத்தாம் வகுப்பு பி.
திறந்தால் கல் தானாகச் சுழலும்,
மேலே பாதிச் சட்டியும் கையும்.
சிவப்பு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்
கோடு ஒன்று
விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருக்கும்.