படகெலும்பு

மணிக்கட்டுக்குள், கட்டைவிரலின் அடிவாரத்தில்
படகு வடிவில் ஓர் எலும்பு இருக்கிறதாம்.
உடைந்த பிறகுதான் எங்களுக்குள் அறிமுகம்.
முந்திரிப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.
எக்ஸ்ரே தகட்டில் அதன் இடுப்பின் குறுக்கே
பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கோடு.

விழுந்தது பெரிய உயரமில்லை.
அதைச் சொல்லத்தான் வெட்கம்.
எல்பே ஆற்றோரத்து மணற்பாறைகளில்
இருபது வருடமாகக் கோபுரம் கோபுரமாக ஏறியவள்
அன்றைக்கும் ஏறி, இறங்கி, கயிற்றை அவிழ்த்து,
ரயிலுக்கு நேரமாயிற்று என்று நடக்கையில்
ஈரமான ஒரு பீச் மர வேரில் வழுக்கிக்
கையை ஊன்றினேன்.
ஹென்ரிகே சிரித்துவிட்டாள்.
பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் பாறைகளுக்கு ஒரு சட்டம் உண்டு:
பிளவுக்குள் உலோகம் செருகக் கூடாது.
வெறும் கயிற்று முடிச்சுதான்.
குழந்தையின் முட்டி அளவுக்கு ஒன்று,
கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று.
செருகி, இழுத்துப் பார்த்து,
உயிரை அதன் பொறுப்பில் விட்டுவிட்டு மேலே போவோம்.
மணல் மிருது, இரும்பு அதைத் தின்றுவிடும்.
கையில் பூசிக்கொள்ள வெள்ளைப் பொடியும் கிடையாது.
வேர்வையோடு ஏறு.

அதனால்தான் டாக்டர் க்ரெட்ச்மர்
"பிளவில் ஒரு திருகாணி வைத்தால் போதும்" என்றபோது
"அனுமதி உண்டா?" என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.
ஹென்ரிகே மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பித்
தோள் குலுங்க நின்றாள்.

இந்த எலும்புக்கு ரத்தம் சுற்றுவழியில் வருமாம்.
விரல் பக்கமாக நுழைந்து
முழங்கை நோக்கித் திரும்பி ஓடுமாம்,
போன ஊரிலிருந்து பாதி வழி திரும்பி வந்து
கடிதம் கொடுக்கிற தபால்காரர் மாதிரி.
தாமதமாகும் என்றார்.
கூடும். சிலருக்குக் கூடாமலும் போகும்.
எலும்பைப் பற்றித்தான் சொன்னார்.

பேக்கரியில் மாவு பிசைகிறவள் நான்.
கல்லாவில் உட்காரவைத்தார்கள்.
இடக்கையால் சில்லறை எண்ணினேன்.
வரிசையில் யாராவது பெருமூச்சு விடுவார்கள்.
உள்ளே வேறொருத்தி என் மாவை
அவசர அவசரமாக அடித்துக்கொண்டிருந்தாள்.
சத்தத்திலேயே தெரிந்தது, இன்னும் பதம் வரவில்லை.

வாரம் இரண்டு முறை நோவாக் அம்மையாரிடம்.
ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த பயறு,
அதன் அடியில் ஐந்து பொத்தான்கள்.
கண்ணை மூடிக்கொண்டு தேடு என்பார்.
சுத்தியலின் காம்பைப் பிடித்து
இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய்.
ஜனவரியில் நாற்பது டிகிரி.
பிப்ரவரியிலும் நாற்பது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
சமையலறைக் கதவு நிலையின் மேல் விளிம்பில்
நாலு விரலை வைத்தேன்.
காலைத் தூக்கினேன்.
மூன்று நொடி.
இதை யாரிடமும் சொல்லவில்லை,
நோவாக் அம்மையாரிடம் சத்தியமாக இல்லை.
விடியும்வரை உறைந்த பட்டாணிப் பையைக்
கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
திருடியதை மடியில் வைத்திருப்பவள் போல.

மே மாதம். எலும்பு கூடிவிட்டது.
"சின்னதாக ஏதாவது ஏறிப் பாருங்கள்" என்றார் டாக்டர்.
அன்று ராத்திரியே மழை பிடித்தது.

காலையில் போனோம், இருந்தாலும் போனோம்.
வானம் கழுவிவிட்டது போல் நீலம்.
பாறை வெயிலில் உலர்ந்த மாதிரிதான் நின்றது.
ஆனால் நனைந்த மணற்பாறையை நம்பக் கூடாது.
உள்ளே ஈரம் இருக்கும்வரை அதற்குப் பலமில்லை,
பிடித்த பிடி கையோடு வந்துவிடும்.
ஹென்ரிகே குத்துக்காலிட்டு
அடிவாரத்து மணலை விரலால் தோண்டினாள்.
மேலே வெளுப்பு. ஒரு விரற்கடை கீழே கறுப்பு.
எக்ஸ்ரே பார்க்கிற டாக்டரின் அதே முகம் அவளுக்கு.
"இன்னும் ரெண்டு நாள்."

நான் வாதாடவில்லை.
நானும் போன மாதம்வரை
வெளியே உலர்ந்து உள்ளே கறுத்துத்தான் இருந்தேன்.

பைகளின்மேல் உட்கார்ந்தோம்.
யாரும் ஏறாத கோபுரத்தைப் பார்த்தபடி
தெர்மாஸ் மூடியைத் திருகினேன்.
காபி ஆவி பறந்தது.
ஹென்ரிகே என் முகத்தைப் பார்க்கவில்லை.
என் வலது கையைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
கோப்பையை நீட்டினாள்.