கீழுதட்டின் உட்புறம்

மூன்றாவது முறையாகக் கண் கழன்று விழுந்தது,
மாத்தே குடிக்கிற சுரைக்குடுவைக்குள்.
வில்மார் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து
மேசைமேல் வைத்தான், எங்களைப் பார்க்கிற மாதிரி.
கருமணியில் பச்சை இலைத்தூள்.
கடைப்பையன் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

குழி சுருங்கிவிட்டது என்றார் மருத்துவர்.
தோடு போட்டிருந்தும்
தூர்ந்துபோகிற காதைப்போல.
கண்ணை எடுத்துப் பதினொரு வருடம்.
யூகலிப்டஸ் பிளக்கும்போது தெறித்த சிம்பு அது.
ஆட்டத்தில் யாரோ புட்டி எறிந்தார்கள் என்றுதான்
பைசாந்தூவில் இன்னும் சொல்கிறார்கள்.
நடுவருக்குப் புட்டிதானே பொருத்தம்,
அவனும் மறுப்பதில்லை.

மருத்துவர் பெந்தாங்கூர் காகிதத்தில் வரைந்தார்:
இடுப்புக்குக் கீழே எலுமிச்சை அளவு
தோலும் கொழுப்பும், அது பள்ளத்தை நிரப்ப.
கீழுதட்டின் உட்புறத்திலிருந்து
தபால்தலை அளவு ஈரத்தோல்,
அது உள்சுவருக்கு.
“உதடா?” என்றேன்.
“உதடுதான். இமைக்கு உள்ளே இருக்கிற தோலுக்கு
உடம்பில் அதைவிட நெருங்கிய சொந்தமில்லை.”
வில்மார் கேட்டது வேறு:
“விசில் ஊதலாமா?”

“இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தேன்,
இனி உட்கார்கிற இடத்தாலேயே பார்ப்பேன்” என்று
மயக்கமருந்து கொடுக்க வந்தவளிடம் சொன்னானாம்.
அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாளாம்.

நாலு மணி நேரம் தாழ்வாரத்தில் இருந்தேன்.
எனக்குத் தெரியும் அந்த உட்புறம்.
ஓரத்தில் ஒரு சின்ன மேடு,
பதின்மூன்று வயதில் பந்து பட்டு
அவன் பல்லே குத்திய தழும்பு.
முப்பத்தோரு வருடமாக
எனக்கு மட்டுமே தெரிந்த இடம்
(சரி, எனக்குத் தெரிந்தவரை எனக்கு மட்டும்).
அங்கே இப்போது யாரோ
அளவுகோல் வைத்துப் புள்ளி குறிக்கிறார்கள்.
வெளியே வந்ததும் கேட்க நினைத்தேன்,
அந்த மேட்டை விட்டுவைத்தீர்களா என்று.
படிவத்தை நீட்டினார்கள்.
நேலிதா எச்செவெரி என்று கையெழுத்துப் போட்டேன்.

இமைகளைச் சேர்த்துத் தைத்திருந்தது.
உள்ளே குழி மூடாமலிருக்க
கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் சில்லு.
சூடு ஆகாது, மாத்தே ஆகாது, ஆறு வாரம்.
இந்த நாட்டில் அதற்குச் சிறைத்தண்டனை மேல்.
யாரும் விசாரித்துவிடக் கூடாதென்று
வெறும் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஆற்றங்கரைவரை போய்வந்தான்.
சீழ் மணம் ஒருநாள்.
காய்ச்சல் இரண்டுநாள்.
அப்போது மட்டும் வேடிக்கையாகப் பேசவில்லை.

தையல் பிரித்த அன்று எட்டிப் பார்த்தேன்.
இளஞ்சிவப்பு, ஈரம், மினுமினுப்பு.
அவன் இமை திறந்தபோது
உள்ளேயிருந்து யாரோ
பேசத் தொடங்குவார்கள் போலிருந்தது.

மொந்தேவிதேயோவில் கண்ணுக்கு நிறம் தீட்டுகிறவர்
வலக்கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கலந்தார்.
தூரிகையை நிறுத்தி என்னிடம் கேட்டார்:
“இடதும் இதே பழுப்பா? விளிம்பில் கொஞ்சம் பச்சை?”
உதட்டின் உட்புறம் நினைவிருக்கிறது.
கண்ணின் நிறம் நினைவில்லை.
“இதேதான்” என்றேன்.
பச்சையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

போன ஞாயிறு, பத்து வயதுப் பையன்களின் ஆட்டம்.
பெனால்டி கொடுத்தான்.
விசிலில் பாதி காற்று, பாதி சத்தம்.
வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தகப்பன் கத்தினான்:
“குருடா!”
வில்மார் மெதுவாகத் திரும்பி
இடப்பக்கக் கண்ணை அவனுக்குக் காட்டினான்.
விழவில்லை. அசையக்கூட இல்லை.
அவ்வளவு சந்தோஷமாக அவனை நான்
கல்யாணத்தன்று பார்த்திருக்கலாம்.

நேற்று ராத்திரி
பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தேன்.
அவன் இடக்கண் ஓரத்தில் ஒரு துளி.
“அழுகிறாயா?”
“இல்லை, எச்சில் ஊறுகிறது.”
மருத்துவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.
விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பே இல்லை.