ஆறு வராத குழாய்

ஏறாவூர்ப் பக்கத்துச் செம்மறி ஒன்றின் குருதியை
மூன்று தரம் கழுவி
பிறபொருளெதிரி பூசி வைத்திருக்கிறேன்.
இனி மனிதச் சீரம் தொட்டால் போதும்,
ஆட்டுக் கலங்கள் உடைந்து
கலங்கல் தெளிந்து
குழாய் வெத்திலைச் சாறாய்ச் சிவக்கும்.

முதற் குழாயில் என் சீரம்.
ஒப்பிட எப்போதும் என் இரத்தம்தான்,
செலவில்லை, கேட்டவுடன் கிடைக்கும்.
சிவந்தது.

இரண்டாவதில் தவனேசன்,
வயது பத்தொன்பது, ஊர் மகிழடித்தீவு,
மூளைக்காய்ச்சல், இது மூன்றாம் முறை.
முப்பத்தேழு பாகை. முப்பது நிமிடம்.
ஆட்டுக் கலங்கள் ஒரு கீறலுமில்லாமல்
அடியில் போய்ப் படுத்துக்கொண்டன
குன்றிமணி மாதிரி.
மேலே வெறும் நீர்.

பிழை என்னுடையதாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.
இந்தப் புரதங்கள் சூடு தாங்காதவை,
ஐம்பத்தாறு பாகையில் அரைமணி வைத்தால் அவ்வளவுதான்.
முந்தின இரவு மழையில் கரண்ட் போய்வந்தது.
ஐஸ் பெட்டியை யாரும் திறந்துவிட்டிருக்கலாம்.
திரும்ப எடுத்தேன்,
வார்ட்டிலிருந்து லாப் வரை
குழாயை ஐஸில் புதைத்து நானே ஓடிவந்தேன்.
அதே குன்றிமணி.

பிறகு என் சீரத்தில் ஒரு சொட்டு,
தனியே விட்டால் எதையும் உடைக்கமாட்டாத அளவு,
அவனுடையதில் விட்டேன்.
சிவந்தது.
அவனிடம் எல்லாம் இருந்திருக்கிறது,
ஒன்றைத் தவிர.

அது எது என்று கொழும்பிலிருந்து கடிதம் வர
மூன்று கிழமை.
ஆறாவது.

ஐந்து பிளந்ததும் ஆறு வந்து பிடிக்கவேண்டும்.
பிடித்தால் ஏழு வரும்,
பக்டீரியாவின் தோலில் எட்டு இறங்கும்,
ஒன்பதுகள் தோளோடு தோள் நின்று வளையமாகும்.
வளையத்தின் நடுவே ஓட்டை,
ஓட்டை வழியே தண்ணீர், கிருமி வெடிக்கும்.
தவனேசனின் உடம்பில்
ஐந்து பிளந்து
யாரும் பிடிக்காமல் கரைந்துபோகிறது.
முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில்
கௌப்பி விதைபோல் இரண்டிரண்டாய்
முகம் பார்த்துக்கொண்டிருந்தன அவை,
இளஞ்சிவப்பாக, அவசரமில்லாமல்.

டொக்டர் ரிஸ்மியா சொல்ல
நான் பக்கத்தில் நின்றேன்.
தாய் நேசம்மா விரல் மடக்கிக் கேட்டாள்:
"ஆறு இல்லையெண்டா
ஏழு, எட்டு, ஒன்பது இரிக்கா மிஸ்?"
எல்லாம் இருக்கு அக்கா.
"இரிந்தும் அதுகள் என்ன செய்யிற?"
காத்துக்கொண்டு நிற்கும் என்றேன்.
அதைவிட நல்ல பதில் எனக்கு வரவில்லை.

அவளும் புருசனும் வேறு வேறு குடி,
தாய்வழிக் கணக்கில் ஒரு குற்றமுமில்லை.
அவள் அப்பாவும் அவன் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள்.
குடி தாயோடு போகும்.
இந்த இல்லாமை
இருவர் கையிலிருந்தும் வந்து சேரவேண்டும்.
மூத்தவன் பன்னிரண்டு வயதில் போனான்,
உடம்பெல்லாம் நாவற்பழக் கறை.
அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை போட்டார்களாம்.

வாவியை ஆறு என்கிறோம்.
புண் ஆறும், சோறு ஆறும் என்கிறோம்.
அறிக்கைத் தாளில்
ஆறு: கண்டறியப்படவில்லை
என்று எழுதிக் கையெழுத்திட்டபோது
பேனை ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான்.

தடுப்பூசி உண்டு.
மாதமொரு பெனிசிலின்.
காய்ச்சல் தொட்டால் விடியும் வரை பொறுக்காமல்
மண்முனைப் பாலம் தாண்டி வந்துவிடவேண்டும்.
சட்டைப்பையில் ஒரு அட்டை.
ஆறை ஊசியால் ஏற்ற முடியாதா என்றாள்.
நிலைக்காது என்றோம்.
தலையாட்டினாள். பிறகு
பின்னால் நின்ற சின்னவளை
தோளில் பிடித்து முன்னே தள்ளினாள்.
"இவள்ற கையையும் பாருங்க."

கோபிதா, பதினொன்று.
நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது.
ஊசியைப் பார்க்காமல்
மருந்துக் கம்பனிக் கலண்டரில் மார்கழி எத்தனை ஞாயிறு என்று
வாய்விட்டு எண்ணினாள்.

மூன்றாவது குழாய் நீர்த்தொட்டியில் நிற்கிறது.
இருபத்தெட்டு நிமிடம்.
குனிந்தால் தெரியும்.
முதற் குழாயைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்,
எனது சிவப்பு
தொட்டியில் சுழன்று போகிறது.