சீட்டின் பின்பக்கம்

கல்கத்தாவிலிருந்து என்னை அனுப்பியது
இரண்டு கேள்விகளோடு.
மாத்லா ஆற்றுத் தீவில், ஆசிரம மருந்தகத்தில்,
ஆண்டுதோறும் மிகுதியாக வாங்கிய மருந்துச் சீட்டுகள் எங்கே?
புயல் ஆண்டில் ஒன்றுகூட வாங்காமல்
ஆயிரத்து எழுநூறு பேருக்கு எதில் எழுதிக் கொடுத்தீர்கள்?

பதில் சொல்ல வேண்டிய அக்ஷோபானந்தர்
மாசியில் இறந்துவிட்டார்.
இரண்டு காவி வேட்டி, ஒரு மூக்குக்கண்ணாடி,
குளோரின் மாத்திரை அரைப் பெட்டி.
பொருட்பட்டியல் கால் பக்கம் தாண்டவில்லை.

'ராத்திரியில் எழுதுவார்' என்றான்
கம்பவுண்டர் நிராபத கிரி.
தாளுக்குப் பணம் கேட்கக் கூச்சம்.
அச்சடித்த பக்கத்தை நோயாளிக்கென்று விட்டு
பின்பக்கத்தில்
எறும்பு முட்டை சுமப்பது போன்ற எழுத்தில்
தர்க்க நூலுக்கு உரை.
புகையைக் கண்டு நெருப்பென்று துணிபவன்
எந்தப் படியில் சறுக்குவான் என்று
முப்பத்தொரு வருஷம்.
பல வாக்கியங்கள் வினைச்சொல் வராமல் நிற்கின்றன.
அந்நேரம் படித்துறையில் படகு தட்டியிருக்கும்.

பிறகு அந்தப் புயல்.
கரை உடைந்து உப்புநீர் குளங்களில் ஏற
தீவு முழுக்கப் பேதி.
லாஞ்சு வரவில்லை, சீட்டும் வரவில்லை.
'மகராஜ் உள்ளே போனார்.
பீரோவைத் திறந்து கட்டை எடுத்து வந்து
மேசையில் வைத்தார்.
அடுத்தவரைக் கூப்பிடு என்றார்.'

யோசிக்கவேயில்லையா?

'கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார்.'

பதினெட்டு நாள்.

நல்லவேளை, நான் கணக்கன்.
நோயாளிப் பதிவேட்டில் வரிசை எண் இருந்தது.
இப்போது அதுதான் அந்த நூலுக்குப் பொருளடக்கம்.
செருப்பைக் கையில் பிடித்துச் சேற்றில்
வீடு வீடாகப் போனேன்.
ஆபேதா காஜி அரிசிப் பானைக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தாள்.
ஹாரு பைராகி எப்போதோ பீடித்தூள் மடித்துவிட்டான்,
அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டான்.
புலிக்குக் கணவனைப் பறிகொடுத்த கீரோதா மண்டல்
மகன் கழுத்துத் தாயத்தைக் காட்டினாள்.
உள்ளே அறுநூற்றுப் பதினொன்று, மெழுகு வைத்து.
'பிள்ளை பிழைத்த தாள். தர மாட்டேன்.
வேண்டுமானால்
அவன் நெஞ்சில் காதை வைத்துப் படித்துக்கொள்.'

இன்மையைப் பற்றிய இயல்தான் முழுதாகக் கிடைக்கவில்லை.
முன்னின்மை, பின்னின்மை, என்றுமின்மை,
ஒன்றினொன்றின்மை,
நூற்று நாற்பது சீட்டுகள்
தெற்குக் கோடிக் குடியிருப்புக்குப் போயிருந்தன.
அதை மறு மழையில் ஆறு எடுத்துக்கொண்டது.
சனங்கள் தப்பி எங்கெங்கோ.

தரையில் குடம் இல்லை என்றால்
அந்த இல்லாமையைக் கண்ணாலேயே காணலாம்
என்பது தர்க்கக்காரர் வாதமாம்.
நிராபத கைநீட்டிய இடத்தைப் பார்த்தேன்.
தண்ணீர் பழுப்பாக இருந்தது.

லாஞ்சில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்:
மிகுதியும் குறைவும் ஒன்றுக்கொன்று சரி.
என்ன வகைச் செலவு என்ற கட்டத்தில்
கொஞ்சம் தயங்கி,
பேதி என்று போட்டேன்.