லைன் இருக்கு

சேதக் கணக்கு எழுதத் தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர்
பாய் எத்தனை, பாத்திரம் எத்தனை, ஆடு மாடு உண்டா என்று கேட்டார்.
ஆம்ப்ளிஃபயர் என்றாள் அம்மா.
அவர் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
"ரேடியோன்னு போட்டுக்கிறேன்மா."
"ரேடியோ இல்ல தம்பி."
கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டுதான் சொன்னாள்.
கடைசியில் எழுதினார்: இதர பொருட்கள், ஒன்று.

கண்மாய்த் தண்ணீர் சுவரில் கோடு கிழித்திருந்தது.
கோட்டுக்கு மேலே
மாதா படம், காலண்டர், என் கல்யாணப் போட்டோ.
கோட்டுக்குக் கீழே
அவள் தனக்கென்று வாங்கிய எல்லாம்:
ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக்,
மூலைக்கு ஒன்றாக இருக்கும் ஸ்பீக்கரில் இடது.
வலது தப்பித்தது,
மூலையில் பூனை குட்டி போட்டதால்
பீரோ மேல் ஏறியிருந்தது.

எண்பத்து நாலில் தவணைக்கு வாங்கியது.
தேவகோட்டை எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட்.
பினாங்குக்கு ஒரு டிரங்க் கால், ஈப்போவுக்கு ஒன்று,
யார் வீட்டுப் பிரசவமோ, எவர் வட்டிக் கணக்கோ,
எல்லாம் அவள் காது வழியாகப் போய்
அவள் காது வழியாகத் திரும்பின.
விடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்துவாள்.
ஒரு மணி நேரம்
அப்பாகூடக் கூப்பிடக் கூடாது.

ஓசூரிலிருந்து அமல் வந்தான், திருப்புளிப் பையோடு.
மூடியைக் கழற்றிக் கவிழ்த்தான்.
அரைப்படி செம்மண் குழம்பு,
அப்புறம் ஒரு கெண்டைக் குஞ்சு,
டிரான்ஸ்ஃபார்மரில் ஒட்டிக் காய்ந்து.
"வாடகை குடுத்துச்சாம்மா?" என்றான்.
நான் சிரித்தேன். அவள் மீனைத் தாளில் மடித்து
வேலியோரம் போட்டுவிட்டு வந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும்.
அன்று ராத்திரி போனில் அவள்
"வாசப்படி ஏறிருச்சுடி" என்றபோது
நான்தான் சொன்னேன், பத்திரத்தை மேலே வை,
நகையை மேலே வை, மாத்திரையை எடுத்துக்கோ.
"அது?" என்று கேட்டாள்.
"அது கெடக்கட்டும் விடும்மா."

பேட்டரித் தண்ணீர் ஆறு கேன்.
பழைய பல் பிரஷ் மூன்று.
பலகையில் ஒவ்வொரு காலாகத் தேய்த்தோம்,
துரு பச்சையாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு வரவில்லை.
மொட்டை மாடியில் வேட்டி போர்த்தி
ஒன்பது நாள் வெயில்.
இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு
ஊறிய தோசையாகக் கையோடு வந்துவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு கேசட்.
நாடாவை உருவி, அலசி, கொடியில் போட ஆரம்பித்தேன்.
"அதெல்லாம் தூக்கிப் போடு.
பாட்டு எங்க வேணாலும் கெடைக்கும், ஒன் செல்லுலகூட."
"அப்ப இது எதுக்கும்மா?"
பதில் இல்லை. உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

காரைக்குடிக் கடையில் கண்டன்சர், முந்நூற்று நாற்பது ரூபாய்.
நூறு வாட் பல்பைச் சீரியஸில் கோத்து
நேராகக் கரண்ட் விடாமல் அமல் சுவிட்சைத் தட்டினான்.
பல்பு பளீரென்று எரிந்தால் போச்சு.
எரிந்தது.
மூச்சை விடுவதற்குள் மெல்ல மங்கியது.
வலது ஸ்பீக்கரிலிருந்து, தணிந்த குரலில்,
ம்ம்ம்ம்ம்.

"எர்த் சரியில்ல. இந்த இரைச்சல
பத்து நிமிஷத்துல எடுத்துடறேன்."
ஈரக்கையோடு வந்தவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.
வயரைப் பலகையில் செருகினதும்
அந்தப் பக்கம் ஆள் பேசுறதுக்கு முன்னாடி
இப்படித்தான் கேட்குமாம்.
"எடுக்காதே" என்றாள்.
"லைன் இருக்கு."

அமல் கையில் சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாக இருந்தது.
எங்கள் இருவரையும் பார்த்தாள்,
போகச் சொல்கிறாள் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
வெள்ளத்தில் உப்பிய கதவு
சட்டத்தில் சரியாகப் பொருந்தவில்லை.
தோளால் முட்டித்தான்
சாத்தினாள்.