இருபதுக்கு முப்பது

ஹொரமாவில் எங்கள் மனை
இருபதுக்கு முப்பது.
மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர்,
நாலாவது பக்கம் தெரு,
தெருவில் எந்நேரமும் தண்ணீர் லாரி.

இன்ஜினியர் நாகேஷ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்:
ஹாலில் ஒரு நீரூற்று,
பால்கனியில் தொட்டி மூங்கில்,
சுவருக்கு ஒரு பச்சை.
மனசுக்கு நல்லது மேடம் என்றார்,
லிட்டருக்கு இருநூறு ரூபாய்தான் கூடுதல்.

நான் இருபத்திரண்டு வருஷமாய்
எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவள்.
ஜன்னல் கிடையாது. சுவருக்குள் ஈயம்.
மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க.
ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்வேன்.
எந்த எலும்பு எத்தனை வாரத்தில் கூடும் என்று தெரியும்.
படத்தில் விழாததைப் பற்றித்தான்
ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டேன்.

நீரூற்று வேண்டாம் தம்பி.
பெனிட்டாவின் கட்டிலுக்கு
காலை ஏழு மணி வெயில் வரணும்.
அவள் எழுந்திருக்க முடியாத நாளிலும்
அது வந்து பாதத்தைத் தொடணும்.

கிழக்கே மூன்று மாடி நிற்குதே மேடம்.

அப்படியென்றால் மேலிருந்து கொண்டு வாங்க.

மாடிப்படியை இரண்டடி தள்ளினார்.
சாப்பாட்டு மேஜை சுருங்கியது.
முழங்கை இடிக்கும் என்றார்.
இடிக்கட்டும் என்றார் என் வீட்டுக்காரர் தேவசகாயம்.
ஆறு மாதத்தில் அந்த மனுஷன்
வாய்விட்டுச் சொன்ன முதல் அபிப்பிராயம்.

சமையலறைக்கும் அவள் அறைக்கும் நடுவே
சின்னதாய் ஒரு ஜன்னல் கேட்டேன்.
பேசுவதற்கு இல்லை.
கடுகு வெடிப்பது அவளுக்குக் கேட்கட்டும் என்று.

கடைசியில் குளியலறைக் கதவுக்கு வந்தோம்.
உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன்.
ஏன் என்று நாகேஷ் கேட்கவில்லை.
கேட்காததற்காகவே
அவர் பில்லில் நான் பேரம் பேசவில்லை.

பெனிட்டா அதுவரை வரைபடத்தின் ஓரத்தில்
குட்டிக் குட்டிப் பூனைகள் போட்டுக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.
"ஓசூர் ரோட்டுல ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாதும்மா.
குளிக்கும்போது பாடிக்கிட்டே இருப்பேன்,
உள்ளே ஆள் இருக்குன்னு தெரியட்டும்னு.
நாற்பத்தொரு நாள்.
சோப்பு வாயில போனாலும் பாடினேன்.
இந்த வீட்டுலயாவது
சத்தம் போடாமக் குளிக்கணும்."

மூச்சைப் பிடித்தேன்.
அசையவில்லை.
விடச் சொல்ல யாரும் இல்லை.

மேஸ்திரி கலியன்தான் வழி சொன்னார்,
போளூர்க்காரர், காதில் எப்போதும் பென்சில்.
உள்ளே ஒரு திருகு, வெளியே ஒரு கீறல்;
ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும்.
சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குப் போடுறதுதாங்க.

பெனிட்டாவுக்கு இருபது வயசு.
யோசித்தாள். சரி என்றாள்.
காசு எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.
ஃபிரிட்ஜ் மேலே, எல்லோரும் பார்க்கிற மாதிரி.

வீடு மந்திரித்து எட்டு மாதம் ஆகிறது.
வெயில் ஏழு மணிக்கு வருவதில்லை,
ஏழே முக்காலுக்கு வருகிறது,
டிசம்பரில் அதுவும் இல்லை.
பெங்களூர் மழைக்கு மேல்கண்ணாடி ஒழுகுகிறது.
கட்டிலை நகர்த்தி வாளி வைக்கிறோம்.
வேண்டாம்னு சொன்னியே நீரூற்று, இந்தா
என்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை
கொத்தமல்லிக்காரனுக்குச் சில்லறை குறைந்து
ஃபிரிட்ஜ் மேலிருந்த காசை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.
ராத்திரிதான் நினைவு வந்தது.
இன்னொன்று எடுத்து வைக்கவில்லை
என்று எழுதத்தான் ஆசை.
வைத்தேன்.

இப்போது கதவுக்குப் பின்னால்
தண்ணீர் விழுகிறது.
பாட்டு இல்லை.
நான் வெங்காயம் நறுக்குகிறேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.